யாழ்ப்பாணம் 'கற்கும் நகரம்' ஆகலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யுனெஸ்கோவின் கற்கும் நகரங்கள் வலையமைப்பில் கேரளத்துச் சிறு நகரங்கள்கூடச் சேர்ந்துவிட்டன என்கிறார்கள். யாழ்ப்பாணம் சேரலாமா? யார் விண்ணப்பிக்க வேண்டும்? எவ்வளவு செலவாகும்?
– வாசகர், நல்லூர்

சேரலாம். எல்லா வயதினரும் வாழ்நாள் முழுவதும் கற்க வழிசெய்யும் நகரத்தைத்தான் 'கற்கும் நகரம்' என்கிறார்கள். இந்தியாவிலிருந்து திருச்சூர், நிலம்பூர், வாரங்கல் ஆகிய மூன்றும் 2022 செப்ரெம்பரில் சேர்ந்தன. நிலம்பூர் மலப்புறம் மாவட்டத்து நகரசபை ஒன்றுதான். ஆகவே இது பெருநகரங்களுக்கு மட்டும் உரிய விடயம் அல்ல. தெரிவுசெய்யப்பட்ட சபை ஒன்று நிர்வகிக்கும் அலகாக இருக்க வேண்டும், அங்கே குறைந்தது 10,000 பேர் வாழ வேண்டும். யாழ் மாநகரசபைக்கு இரண்டும் பொருந்தும்.

வலையமைப்பை நடத்துவது ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள யுனெஸ்கோ வாழ்நாள் கற்றல் நிறுவகம். நகரங்கள் அதற்கு நேரடியாக எழுதிச் சேர முடியாது. அழைப்பு வெளியானதும் மாநகர முதல்வர் ஒப்பமிட்ட விண்ணப்பம், பத்தரமுல்லையில் உள்ள யுனெஸ்கோவுக்கான இலங்கைத் தேசிய ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். ஒரு சுற்றில் ஒரு நாட்டிலிருந்து கூடியது மூன்று நகரங்களையே ஆணைக்குழு முன்மொழியலாம். கொழும்பும் கண்டியும் அதே சுற்றில் கேட்டால் போட்டி வரும். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும்.

உறுப்புரிமைக் கட்டணம் கிடையாது. அதேபோல, சேர்ந்துவிட்டால் பணம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவும் வேண்டாம். கிடைப்பது மற்ற நகரங்களின் அனுபவமும் அறிக்கைகளும், ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டும் நகரங்களோடு பேசும் வாய்ப்பும்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கொடுப்பது உறுப்பினரின் கடமை. 2024 பெப்ரவரியில் 64 நகரங்கள் சேர்ந்தபோது மொத்தம் 79 நாடுகளில் 356 ஆனது. அந்தப் பட்டியலில் பெயரை ஏற்றுவதைவிட, முதல் அறிக்கையில் எழுத ஏதாவது செய்திருப்பதே பெரிய வேலை.

விண்ணப்பத்துக்கு முன்னர் மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். சபையில் தீர்மானம் நிறைவேற்றுவது முதலாவது. பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவரைப் பெயர் குறித்து நியமிப்பது இரண்டாவது. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் ஒரு தொகை ஒதுக்குவது மூன்றாவது. சிறிய தொகையானாலும் பரவாயில்லை. திட்டம் டிசம்பரில் சபைக்கு வருவதால் முன்மொழிவு செப்ரெம்பரிலேயே உரிய குழுவின் மேசையில் இருக்க வேண்டும். நவம்பரில் கொண்டுபோனால் 'அடுத்த வருசம் பார்ப்போம்' என்றுதான் பதில் வரும்.

கேள்வி: கல்வியியலில் பட்டப்பின் படிப்புப் படிக்கிறேன். கற்கும் நகரம், கல்வியூட்டும் நகரம், கற்கும் பிராந்தியம் என்று பல பெயர்களில் அமைப்புகள் உள்ளன. எதை எதற்குப் பார்ப்பது?
– மாணவி, திருநெல்வேலி

மூத்தது பார்சிலோனாவைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வியூட்டும் நகரங்களின் சர்வதேச சங்கம். 1990 இல் பார்சிலோனாவில் முதல் மாநாடு கூடியபோது சாசனம் எழுதப்பட்டது. 1994 இல் இத்தாலியின் பொலோனியாவில் சங்கம் முறைப்படி அமைந்தது. சாசனத்தில் 20 கோட்பாடுகள் உள்ளன, கடைசித் திருத்தம் 2020 இல் நடந்தது. வீதி அமைப்பு, பூங்கா, போக்குவரத்து, சபையின் செலவு என நகரம் செய்யும் எல்லாமே மக்களுக்கு எதையோ கற்றுக்கொடுக்கிறது என்பது அவர்கள் பார்வை. உறுப்பு நகரங்கள் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும்.

யுனெஸ்கோ வலையமைப்பு 2013 பெய்ஜிங் மாநாட்டோடு தொடங்கிய கதை. அங்கே பிரகடனத்தோடு 'முக்கிய அம்சங்கள்' என்ற ஆவணமும் வந்தது. பாடசாலை முதல் பல்கலைக்கழகம் வரை, குடும்பமும் அயலும், வேலைத்தலம், தொழில்நுட்பம், தரம், கற்றல் பண்பாடு என்று ஆறு பிரிவாக அது வேலையைப் பிரிக்கிறது. பின்னர் மெக்சிக்கோ நகரம், அயர்லாந்தின் கோர்க், கொலம்பியாவின் மெடலின், கொரியாவின் யொன்சு, சவூதியின் ஜுபைல் என்று மாநாடுகள் தொடர்ந்தன. கொள்கை அறிக்கைகளும் நகரங்களின் தனித்தனி அறிக்கைகளும் வேண்டுமானால் இந்த வலையமைப்பைப் பாருங்கள்.

ஆய்வுதான் உங்கள் தேவை என்றால் பஸ்கல் சர்வதேச அவதானிப்பு மையத்துக்குப் போங்கள். 'கற்கும் பிராந்தியம்' பற்றி ஓ.ஈ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு செய்த வேலையின் தொடர்ச்சியாக 2002 இல் உருவானது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அதன் முக்கிய தளம். இடம், சமூக மூலதனம், கற்றல் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது அதன் தனித்தன்மை. சூழல், பொருளாதாரம், சமூகம், நலவாழ்வு எல்லாவற்றையும் கற்றலோடு இணைத்துத் திட்டமிட வேண்டும் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர் பீற்றர் கேர்ன்ஸின் கருத்து இந்த வட்டத்திலிருந்தே அயர்லாந்தின் கோர்க் நகருக்குப் போனது. கிளாஸ்கோ தலைமையில் ஏழு நாடுகளின் 14 நகரங்களில் அயல்களை ஒப்பிட்ட பெரிய ஆய்வும் உண்டு. அந்த 14 இல் மதுரையும் ஒன்று. தமிழ் நகரம் ஒன்றின் அயல்கள் அப்படி ஆராயப்பட்டிருப்பது உங்களுக்கு நல்ல ஒப்பீட்டுப் பொருள்.

'பிராந்தியம்' என்ற பார்வையை விட்டுவிடாதீர்கள். நீங்கள் படிக்கும் பல்கலைக்கழகம் நிற்கும் திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் இல்லை, நல்லூர் பிரதேச சபைக்குள் இருக்கிறது. வலிகாமத்துச் சனமும் தீவகத்துச் சனமும் நாள்தோறும் நகருக்கு வந்து போகிறார்கள். மாநகரசபை தனியே திட்டம் போட்டால் படிப்பிக்கிறவர்களில் பாதிப் பேரும் படிக்கிறவர்களில் பாதிப் பேரும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். அயல் பிரதேச சபைகளைத் தொடக்கத்திலேயே மேசைக்கு அழைக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: யுனெஸ்கோவின் 'இலக்கிய நகரம்' என்பதும் இதுவும் ஒன்றா?
– வாசகர், கொக்குவில்

இல்லை. அது 2004 இல் தொடங்கிய படைப்பாக்க நகரங்கள் வலையமைப்பின் ஒரு பிரிவு. கோழிக்கோடு 2023 இல் அதில் இலக்கிய நகரமானது. விண்ணப்பமும் நிபந்தனையும் வேறு.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் இப்போது பத்திரிகை மட்டும்தான் போடுகிறோம். காலையில் நாலைந்து ஐயாமார் வந்து வாசித்துவிட்டுப் போவார்கள். பின்னேரம் பெடியள் கரம் விளையாடுவார்கள். உலக வலையமைப்பெல்லாம் எங்களுக்கு எதற்கு?
– நிலையச் செயலாளர், கோண்டாவில்

உங்கள் நிலையம் போன்ற ஒன்றைத்தான் உலகம் தேடிக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் 'கொமின்கான்' என்ற சமூகக் கற்றல் மண்டபங்கள் போருக்குப் பின் 1946 இல் தொடங்கின. 1949 இல் சட்டம் வந்தது. ஒக்கயாமா நகரில் இப்போது 37 உண்டு, ஏறக்குறைய ஒரு கனிட்ட இடைநிலைப் பாடசாலைப் பகுதிக்கு ஒன்று. யுனெஸ்கோவின் கற்கும் நகர விருதை 2017 இல் ஒக்கயாமா பெற்றபோது அதற்குப் பின்னால் இந்த மண்டபங்கள் நின்றன. எங்களிடம் மண்டபம் இருக்கிறது, அயலவரின் உரிமையுணர்வும் இருக்கிறது. ஒரு வித்தியாசம் பெரியது: அங்கே நகரம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது, இங்கே செயலாளரின் சட்டைப்பையில் திறப்பு இருக்கிறது. அவர் வெளிக்கிட்டுப் போனால் நிலையம் பூட்டு.

முதல் வேலை கணக்கெடுப்பு. உங்கள் கிராம அலுவலர் பிரிவில் எங்கெங்கே என்னென்ன கற்க முடிகிறது என்று ஓரிடத்துக்கு ஒரு தாள் வீதம் எழுதுங்கள். கோயில் அறநெறி வகுப்பு, மாதர் சங்கத் தையல், முன்பள்ளி, தனியார் கணினி வகுப்பு, சைக்கிள் கடையில் பழகும் பெடியன் எல்லாம் இதில் அடங்கும். தாளில் இவை இருக்க வேண்டும்: என்ன கற்பிக்கப்படுகிறது, கிழமையில் எந்த நாள் எத்தனை மணி, கட்டணம், மின்விளக்கும் மலசலகூடமும் உண்டா, சக்கர நாற்காலி ஏறுமா, திறப்பு யாரிடம், வருவோர் ஆணா பெண்ணா, என்ன வயது. கடைசி வரி 'யார் வருவதில்லை, ஏன்?' என்பது. அதைத் தவறாமல் நிரப்புங்கள்.

தொலைபேசியில் விசாரித்துப் பட்டியல் போட வேண்டாம். பெயர்ப்பலகையில் இருப்பதைத்தான் சொல்வார்கள். இரண்டு பேராக நேரில் போங்கள், வேலைநாள் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஆறு மணிக்கு ஒருமுறை. பதிவேட்டில் 'தினமும் திறக்கும்' என்றிருக்கும் இடத்தில் ஆறு மணிக்குப் பூட்டுத் தொங்குவதை அப்போதுதான் காண்பீர்கள். பெண்களுக்கு வசதியான பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை அநேகமாக எதுவுமே நடப்பதில்லை என்பதும் தெரியவரும்.

அந்த வெற்று நேரத்தில் ஒரே ஒரு வகுப்பைத் தொடங்குங்கள். கிழமைக்கு ஒருநாள், ஒன்றரை மணித்தியாலம், ஆறு கிழமை, 8 முதல் 12 பேர். பேச்சுச் சிங்களம், கைப்பேசியில் வங்கிக் கணக்குப் பார்ப்பதும் மோசடி அழைப்பை அடையாளம் காண்பதும், நீர்ப்பம்பி பழுதுபார்ப்பு போன்றவை எடுபடும். கொரியாவின் சுவொன் நகரில் 'யாரும் படிப்பிக்கலாம்' என்ற முறையில் நகரவாசிகளே ஒருவருக்கொருவர் கற்பிக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு ஆபத்து உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முன்வந்தால் அவர் பெரும்பாலும் கேட்பது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வகுப்பைத்தான். அது நல்ல நோக்கமே, ஆனால் மூன்று மாதத்தில் நிலையம் இன்னொரு ரியூசன் கொட்டில் ஆகிவிடும். வளர்ந்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். பரீட்சைக்குரியதை வேறு நாளுக்கு ஒதுக்குங்கள்.

நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் வகுப்பு வைக்காதீர்கள். ஆறு கிழமையும் அதற்கு முன் முடியும்படி கணக்குப் பார்த்துத் தொடங்குங்கள். இடையில் அறுந்த வகுப்புக்கு ஆட்கள் திரும்பி வருவதில்லை. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் புதிய சுற்றுக்கு நல்ல நேரம். திறப்பைக் குறைந்தது மூன்று பேரிடம் கொடுங்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

கேள்வி: பிற நாட்டுத் திட்டங்களை இங்கே கொண்டுவந்து கைவிட்ட கதைகள் நிறைய. இதுவும் அப்படித்தான் போகுமா?
– ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், ஆனைக்கோட்டை

போகக்கூடும். எங்கே முறிகிறது என்பது தெரிந்தால் தவிர்க்கலாம். முதல் முறிவு, முழு வேலையும் ஒரு முதல்வரின் விருப்பத்தில் மட்டும் தங்கியிருப்பது. சபை மாறியதும் கோப்பு அலுமாரிக்குள் போய்விடும். கொரியாவில் இது நிலைத்ததற்குக் காரணம் வாழ்நாள் கல்விச் சட்டம் 1999 இல் வந்ததும், 2001 முதல் அரசு நகரங்களுக்கு நிதி கொடுத்ததும்தான். எங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லாதபடியால் சபைத் தீர்மானமும் வரவுசெலவுத் தலைப்பும்தான் ஊன்றுகோல்.

இரண்டாவது, எல்லாவற்றையும் அளக்கப் போவது. யுனெஸ்கோ ஆவணத்தில் 42 அம்சங்கள் உண்டு. அத்தனையையும் நிரப்ப முயலும் நகரம் மற்றவர்களின் பழைய புள்ளிவிவரத்தைப் படியெடுத்து ஒட்டும். எட்டுப் பத்தைத் தெரிவுசெய்து, நீங்களே சேகரிக்கக் கூடியதை அளவிடுங்கள். பொது நூலகத்தை எடுங்கள். பதிவு செய்த அங்கத்தவர் எத்தனை என்பது அறிக்கைக்கு அழகான எண், ஆனால் எதையும் சொல்லாது. கடந்த மூன்று மாதத்தில் ஒரு புத்தகமாவது இரவல் எடுத்தவர் எத்தனை, அவர்கள் எந்த வட்டாரம், பெண்கள் எத்தனை பேர் என்று பிரித்தால் எந்த வட்டாரத்துக்கு நடமாடும் நூலகம் போக வேண்டும் என்பது உடனே தெரியும்.

மூன்றாவது, திருவிழாவோடு நின்றுவிடுவது. கோர்க் நகரில் வாழ்நாள் கற்றல் விழா 2004 முதல் நடக்கிறது, ஒரு கிழமை, எல்லாம் இலவசம். அந்த நகரம் அதோடு நிற்கவில்லை; 2015 முதல் 'கற்கும் அயல்கள்' என்று குறித்த சில குடியிருப்புகளில் ஆண்டு முழுவதும் வேலை செய்கிறது. பிற நகரங்களின் அறிக்கையை வாசிக்கும்போது படங்களைத் தாண்டிப் போய், பணம் யார் கொடுத்தார்கள், சபையில் எந்தப் பிரிவு பொறுப்பு, தலைமை மாறிய பின்னும் எது நடந்தது என்று தேடுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத அறிக்கையை ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: 25 வருசம் மேசன் வேலை செய்கிறேன். ஓ.எல். முடிக்கவில்லை, கையில் சான்றிதழும் இல்லை. இந்த வயதில் வகுப்புக்குப் போக ஏலாது. கற்கும் நகரத்தில் எனக்கு என்ன இருக்கிறது?
– வாசகர், குருநகர்

நீங்கள் ஏற்கெனவே கற்றதை நகரம் ஒப்புக்கொள்வதும் கற்கும் நகரத்தின் வேலைதான். அதற்கான வழி இலங்கையில் இப்போதே இருக்கிறது. தேசிய தொழிற்றகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டம் கொண்டது. முதல் நான்கும் சான்றிதழ்கள். 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்ற முறையில் வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

போவதற்கு முன் ஆதாரக் கோப்பு ஒன்று தயார் செய்யுங்கள். கட்டிய வேலைகளின் படங்கள் வேண்டும். முடிந்த வீட்டின் முகப்பை மட்டும் எடுக்காமல் அத்திவாரம், கல்வரிசை, பூச்சு என்று வேலை நடக்கும்போதே எடுங்கள். வேலை கொடுத்தவர்களிடம் ஆண்டும் வேலையின் வகையும் குறித்த கடிதம் வாங்குங்கள். பலர் தடுமாறுவது கைவேலையில் அல்ல. வரைபடம் வாசிப்பது, கலவை விகிதத்தையும் சீமெந்துக் கணக்கையும் வாயால் விளக்குவது, பாதுகாப்பு நடைமுறையைச் சொல்வது ஆகிய இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். படம் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு இரண்டு மூன்று பின்னேரம் இருந்து பழகுங்கள். தமிழில் விளக்கலாம். உங்கள் வட்டாரத்தில் இதே நிலையில் உள்ள மேசன்மார், தச்சர், மின் வேலைக்காரர் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போனால் அலுவலகத்தோடு பேசுவதும் சுலபம், படம் வாசிப்பைச் சனசமூக நிலையத்திலேயே கூட்டாகப் பழகலாம்.