மான் பருவம் திறக்குமுன் வில்லுக்கு எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். அக்டோபர் 1 அன்று இங்கே வில் வேட்டைப் பருவம் திறக்கிறது. என் 60 பவுண்டு இழுவிசை கொண்ட காம்பவுண்ட் வில்லுக்கு (சக்கரமும் கேபிளும் உள்ள வில்) ஐந்து வயது. கடைசி இரண்டு வருடம் உறைக்குள்ளேயே கிடந்தது. கடையில் 1,200 டாலருக்குப் புது வில் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். வில்லின் பட்டைகளில் (இழுக்கும்போது வளையும் மேல், கீழ்க் கைகள்) விரிசல் இல்லை, அவற்றின் நுனியில் நாண் சுற்றும் கேம் சக்கரங்கள் நெளியவில்லை என்றால் அந்த வில் இன்னும் பல பருவங்களுக்கு உழைக்கும். அதில் வயதாகிக் கெடுவது நாணும் கேபிள்களும்தான். தொடர்ந்து எய்பவர்களே இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை அவற்றை மாற்றுவார்கள். உறையோடு காரின் டிக்கியில் வெயிலில் கிடந்திருந்தால் இழைகள் சற்று நீண்டும் போயிருக்கும். நாண் நீண்டால் இரண்டு கேம்களும் ஒரே நேரத்தில் சுழலாது. நாணில் கோத்த பார்வைத் துளையான பீப் சைட் திரும்பிக்கொள்ளும். வில்லில் குறிபார்க்கும் கருவியான சைட்டை எத்தனை முறை திருத்தினாலும் அம்பு ஓரிடத்தில் விழாது. நாண், கேபிள், மாற்றும் கூலி எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 250 டாலருக்குள் முடியும்.

செலவைவிட முக்கியம் வேலையின் வரிசை. முதலில் நாண். புது நாண் நிலைகொள்ள ஏறக்குறைய நூறு அம்பாவது எய்ய வேண்டும். அதன்பின் கேம் ஒத்திசைவு, அம்பு தாங்கி, அதற்கும் பிறகுதான் சைட். சைட்டைச் சரிசெய்துவிட்டு நாணை மாற்றினால் அதுவரை செய்ததெல்லாம் வீண். செப்டம்பர் கடைசி வாரத்தில் கடைகளில் கூட்டம் நெரியும், ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள். பட்டைகளை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் கருவி இல்லாமல் வீட்டில் நாணைக் கழற்ற முயலவே வேண்டாம். முறுக்கேறிய பட்டைகள் கையை முறித்துவிடும்.

மாற்றியபின் இழைகள் பஞ்சாய்ப் பிரியத் தொடங்கும் இடங்களில் நாண் மெழுகைப் பூசி, சூடேறும்வரை விரலால் தேயுங்கள். நூல் சுற்றிய பகுதிகளில் மெழுகு வேண்டாம்.

கேள்வி: பயிற்சி முனைகளை 30 கஜத்தில் ஒரே கொத்தாக எய்கிறேன். வேட்டைக்கான அலகு முனையான பிராட்ஹெட் மாட்டினால் எல்லாம் ஒரு சாண் இடப்பக்கம் போகிறது. வேறு கம்பெனி பிராட்ஹெட் வாங்கட்டுமா?

பதில்: இன்னொரு பெட்டி வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்.

எடை: பயிற்சி முனை 100 கிரெயின் (முனைகளின் எடை அளவு) என்றால் பிராட்ஹெட்டும் 100 கிரெயினாகவே இருக்க வேண்டும். சுழற்சி: முனையை மேசையில் ஊன்றி அம்பைச் சுழற்றுங்கள், முனையும் தண்டும் சேருமிடம் தள்ளாடினால் அந்த அம்பை வேட்டைக்கு எடுக்காதீர்கள். ஸ்பைன் (அம்புத் தண்டு எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்): இந்த எண் குறையக் குறைய தண்டின் விறைப்பு கூடும். 400 கேட்பவருக்கு 500 கொடுத்தால் 60 பவுண்டு வில்லில் அது அதிகமாக நெளியும். உங்கள் இழுவிசை, அம்பின் நீளம், முனையின் எடை மூன்றையும் சொல்லி, தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்தே வாங்குங்கள்.

மூன்றும் சரியென்றால் கோளாறு வில்லின் டியூனிங்கில். பிராட்ஹெட்டின் அலகுகள் முன்பக்கத்தில் காற்றைப் பிடிப்பதால், அம்பு சற்றே கோணலாகக் கிளம்பினாலும் அதைப் பெரிதாக்கிக் காட்டும். பயிற்சி முனையில் அதே கோணல் மறைந்திருக்கும். பிராட்ஹெட் இடப்பக்கம் விழுந்தால் அம்பு தாங்கியை வலப்பக்கம் நகர்த்துங்கள், ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. இரண்டு வகை முனையும் ஒரே இடத்தில் விழத் தொடங்கும்வரை சைட்டைத் தொடாதீர்கள்.

பயிற்சியில் எய்த அலகுகளோடு காட்டுக்குப் போகாதீர்கள். மழுங்கிய அலகு பட்ட மான் தப்பி ஓடி வதைபட்டுச் சாகும். அலகு மாற்றும் சில டாலர்களில் கஞ்சத்தனம் கூடாது. வாங்குமுன் அகலத்தையும் பாருங்கள்: நியூயார்க் உட்படப் பல மாநிலங்களில் குறைந்தது 7/8 அங்குல வெட்டு அகலம் சட்டப்படி தேவை.

கார்பன் அம்பு ஒவ்வொன்றையும் எய்யுமுன் இரு முனையிலும் பிடித்து மெல்ல வளைத்து, முறுக்கி, காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் சத்தம் வந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட அம்பு நாணை விடும்போது சிதறி முன்கையில் ஏறும்.

கேள்வி: இணையத்தில் 350 டாலருக்குப் பழைய வில் ஒன்று வருகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: நேரில் பார்க்காமல் வேண்டாம். பஞ்சை எடுத்து வில்லின் பட்டைகள் முழுக்கத் தடவுங்கள். இழை சிக்கினால் அங்கே பட்டை பிளந்திருக்கிறது. கேமின் விளிம்பில் வெட்டு, நெளிவு இருந்தால் யாரோ அம்பில்லாமல் நாணை விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வில்லை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

அடுத்தது இழுநீளம், அதாவது நாணை நீங்கள் முழுதாக இழுக்கும் தூரம். கைகளை விரித்து ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனிவரை அளந்து 2.5 ஆல் வகுங்கள். 70 அங்குலம் என்றால் 28. கேமை அந்த நீளத்துக்கு மாற்ற முடியாவிட்டால் மலிவு விலையால் பயனில்லை. 70 பவுண்டு வில்தான் வேண்டும் என்று தேடவும் தேவையில்லை. வெள்ளைவால் மானுக்கு 50 பவுண்டே போதும். வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி இழுக்க வேண்டியிருந்தால் அந்த இழுவிசை உங்களுக்கு அதிகம்.

பட்டைகளுக்கான ஆயுள் உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கே செல்லும். உங்களுக்குக் கிடைக்காது என்று கணக்கிட்டுப் பேரம் பேசுங்கள். நாண் மாற்றும் செலவையும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மரத்தில் கட்டும் இருக்கையிலிருந்து விழாமல் உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை கிழியவில்லை. மாற்ற வேண்டுமா?

பதில்: அதில் தைத்த சீட்டில் தயாரிப்புத் தேதியும் காலாவதியும் இருக்கும். பொதுவாக ஐந்து வருடம். ஒருமுறை விழுந்து தாங்கியிருந்தால் அன்றோடு சரி. சீட்டைப் படிக்க முடியாவிட்டாலும் புதிதாக வாங்குங்கள். பழைய பட்டையைப் பிறர் எடுத்து மாட்டிவிடாதபடி வெட்டிப் போடுங்கள்.