அலாய் வீலில் வெள்ளை அரிப்பு: பாலிஷ் போட்டால் போகாது

வணக்கம் நண்பரே. பழைய காரின் அலாய் வீலில் (அலுமினியக் கலவைச் சக்கரத்தில்) மேல்பூச்சு உரிந்து, அடியில் புழு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடுகள், எவ்வளவு பாலிஷ் போட்டும் போகவில்லை என்கிறீர்கள். போகாதுதான், அரிப்பு அந்த கிளியர் கோட்டுக்கு, அதாவது மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சுக்கு, அடியில் இருக்கிறது, நீங்கள் தேய்ப்பது அதற்கு மேலே.

டயரைக் கழற்றிவிட்டு, பெயின்ட் ரிமூவர் தடவிப் பழைய பூச்சை முழுக்க எடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் எதுவும் வேண்டாம், அது அலுமினியத்தையே தின்றுவிடும். இரும்பு பிரஷ்ஷும் வேண்டாம், அதன் துகள் பதிந்த இடத்தில் மறுபடி அரிப்பு பிடிக்கும்.

அப்புறம் 240 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, அதைவிட நைஸான 400-க்குப் போங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும்: சின்னக் குழியின் அடியில் கடுகளவு வெள்ளைப் பொடி மிச்சமிருந்தாலும் புதுப் பெயின்ட் அங்கிருந்துதான் கொப்பளித்துக் கிளம்பும், அதனால் ஒவ்வொரு குழியையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். டயர் உட்காரும் விளிம்பையும் சுத்தம் செய்யுங்கள், காற்று மெதுவாக இறங்குவதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு), பிறகு பெயின்ட், கிளியர் கோட், எல்லாமே மெல்லிசாகப் பல தடவை. நட் உட்காரும் இடத்திலும் ஹப்பில் (வீல் மாட்டும் அச்சு முனையில்) ஒட்டும் முகத்திலும் பெயின்ட் படக்கூடாது, டேப் ஒட்டிவிடுங்கள்.

விரிசல் தெரிந்தால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு வேறு வீல் தேடுங்கள், அதை நிரப்பி ஓட்டாதீர்கள்.