வாசகர் கேள்வி: திருவிழா ஞாயிறும் பாக்கியாவ் சண்டையும்

கேள்வி: என் மகள் பிலிப்பைன்ஸில் செபு நகரத்தில் மருத்துவம் படித்தவள். 2019இல் அங்கே சாந்தோ நின்யோ திருவிழா அன்று ஊரே தெருவில் ஆடிக்கொண்டிருந்ததாம், மதியம் ஆனதும் பாதிப் பேர் அந்த நாட்டு வீரர் பாக்கியாவின் குத்துச்சண்டை பார்க்க டிவி முன்னால் போய்விட்டார்களாம். திருவிழா நாள் பார்த்துத்தான் சண்டையை வைத்தார்களா? (மதுரை வாசகி)

பதில்: இல்லை அம்மா, அது தானாக அமைந்தது. சண்டை நடந்தது லாஸ் வேகாஸில், ஜனவரி 19, சனிக்கிழமை இரவு. ஜனவரியில் அந்த ஊரைவிட பிலிப்பைன்ஸ் 16 மணி நேரம் முன்னால் இருக்கிறது, அதனால் அங்கே சனி இரவு ஒன்பது என்றால் செபுவில் ஞாயிறு மதியம் ஒன்று. பெரிய சண்டைகளை அமெரிக்காவில் சனி இரவுக்குத்தான் வைப்பார்கள், ஆகவே பாக்கியாவ் அங்கே போய் மோதியபோதெல்லாம் ஊரில் இருப்பவர்களுக்கு அது ஞாயிறு பூசை முடிந்து சோறு வைக்கிற நேரமாகவே வந்தது. செபு திருவிழா ஜனவரி மாதம் மூன்றாம் ஞாயிறு. அந்த வருஷம் அது 20ஆம் தேதி, இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டன.

இதற்குத் தலைகீழாகவும் ஒரு முறை நடந்திருக்கிறது. 1975 அக்டோபர் 1 அன்று முகமது அலியும் ஜோ ஃபிரேசரும் மணிலா பக்கத்தில் மோதியபோது, அமெரிக்காவில் திரையில் பார்ப்பவர்களின் இரவு நேரத்துக்காக அங்கே காலையிலேயே சண்டையை ஆரம்பித்தார்கள், அந்த வெக்கையில்.

கேள்வி: சாந்தோ நின்யோ எந்தப் புனிதர்? நான் கேள்விப்பட்டதே இல்லை. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கேள்விப்பட்டிருப்பீர்கள், நம் ஊரில் குழந்தை இயேசு என்று சொல்கிறோமே, அவரேதான். ஸ்பானிய மொழியில் சாந்தோ நின்யோ என்றால் புனிதக் குழந்தை. செபு பசிலிக்காவில் இருக்கிற சுரூபம் ஏறக்குறைய ஒரு அடி உயரம்தான். 1521 ஏப்ரலில் ஸ்பெயினுக்காகக் கடலோடிய மெகல்லன் அங்கே வந்து இறங்கியபோது செபு அரசர் ஹுமாபோனும் அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்றார்கள், அப்போது அரசிக்குக் கொடுத்த பரிசு அது. அதே மாதம் மாக்டான் தீவில் அந்தத் தீவுத் தலைவர் லாபுலாபுவின் ஆட்களோடு மோதி மெகல்லன் செத்துப்போனார், மிஞ்சியவர்களும் கிளம்பிவிட்டார்கள். 44 வருஷம் கழித்து, 1565இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி படையோடு வந்தபோது எரிந்துபோன ஊரில் ஒரு வீட்டுக்குள் அந்தச் சுரூபம் மரப்பெட்டியில் பத்திரமாகக் கிடந்தது, ஒரு படைவீரர் கண்டெடுத்தார். நடுவில் ஒரு பாதிரியார்கூட இல்லாத அத்தனை வருஷம் அந்தக் குழந்தையை யாரோ காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார்கள், எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்தது இதுதான்.

சினுலோக் என்பது அவருக்காக ஆடுகிற ஆட்டம். இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே. செபுவானோ மொழியில் சுலோக் என்றால் நீரோட்டம், அது மாதிரி அசைய வேண்டும். தெருவில் பெரிய ஊர்வலமாக ஆடுவது 1980இல்தான் ஆரம்பித்தது. பழைய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் பசிலிக்கா பக்கம் மெழுகுவர்த்தி விற்கிற பெண்களிடம் போங்கள். மஞ்சளும் சிவப்புமாக உடுத்தியிருப்பார்கள். காசு கொடுத்தால் யாருக்காக வேண்டுதல் என்று பெயர் கேட்டுக்கொள்வார்கள், மெழுகுவர்த்திகளைக் கையில் தூக்கிப் பிடித்து, அந்தப் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டே, நின்ற இடத்திலேயே சின்னச் சின்ன அடி வைத்து உங்களுக்குப் பதிலாக ஆடுவார்கள். நான் என் அம்மா பெயரைச் சொன்னேன். அந்த அம்மாள் வாயில் "பாக்கியம்" என்ற பெயர் கொஞ்சம் நெளிந்துதான் வந்தது, ஆனாலும் மூன்று தடவை சொன்னார், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேள்வி: நீங்கள் அந்தச் சண்டையைப் பார்த்தீர்களா? எப்படி இருந்தது? (திருச்சி வாசகர்)

பதில்: பார்த்தேன், செபுவிலேயே, ஊர்வலம் போகிற பாதைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சாப்பாட்டுக் கடையில். டிவியைத் தெருப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். வெளியே முரசுச் சத்தம், வர்ணனை ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை, எல்லோரும் கண்ணால் பார்த்தே புரிந்துகொண்டோம். எனக்குப் பக்கத்தில் ஆட்டக்குழுப் பெண் ஒருத்தி, பதினாறு வயது இருக்கும், தலையில் வைக்கிற பெரிய கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, தென்னை ஓலைக் கூட்டில் வேகவைத்த புசோ சோற்றைப் பிய்த்துத் தின்றுகொண்டே திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாக்கியாவுக்கு அப்போது 40 வயது, எதிரே ஏட்ரியன் புரோனருக்கு 29. ஏழாவது ரவுண்டில் பாக்கியாவ் அவரைக் கயிற்றோரம் தள்ளி மாறி மாறிக் குத்தியபோது கடை மொத்தமும் "பிட் சென்யோர்!" என்று கத்தியது. அது ஆண்டவரைக் கூப்பிடுகிற திருவிழாக் கோஷம், காலையிலிருந்து தெருவில் கேட்டுக்கொண்டிருந்த அதே கோஷம். பன்னிரண்டு ரவுண்டும் போய், 117-111, 116-112, 116-112 என்று மூன்று நடுவர்களும் புள்ளி போட்டு வெற்றியைப் பாக்கியாவுக்கே கொடுத்தார்கள். புரோனர் தான்தான் ஜெயித்ததாகச் சொன்னார். பன்னிரண்டு ரவுண்டிலும் சேர்த்து அவர் குத்தில் எதிராளி மேல் பட்டவை 50தான் என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள், பாக்கியாவுடையது 112. அப்புறம் எப்படி ஜெயித்ததாகும்? அந்தப் பெண் கடைசி ரவுண்டு முடியும்வரை நிற்கவில்லை, அவள் குழுவின் முறை வந்துவிட்டது, கிரீடத்தை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கேள்வி: பாக்கியாவ் கத்தோலிக்கச் சபையை விட்டுப் போனவர்தானே? அவர் ஜெயித்ததைச் சுரூபத் திருவிழாவில் கொண்டாடுவது சரியா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: போனவர்தான். முன்பு ஜெபமாலையோடு சண்டை மேடைக்கு வந்தவர், பிறகு சுவிசேஷ சபைக்கு மாறினார், அங்கே சுரூப வணக்கம் கிடையாது. ஆனாலும் அந்தக் கடையில் யாரும் அதைப் பேசவில்லை. அவர் பேசுவதும் செபுவானோ மொழி, வீட்டில் சோற்றுக்கே கஷ்டப்பட்ட பிள்ளை, குத்து வாங்கி மேலே வந்தவர். செபுக்காரர்களுக்கு அவர் வீட்டுப் பிள்ளை, எந்தச் சபை என்று கேட்டுக்கொண்டு யாரும் வீட்டுப் பிள்ளைக்குக் கை தட்டுவதில்லை. எனக்கு இதில் தப்பு தெரியவில்லை. பூசையை விட்டுவிட்டு டிவி பார்த்தால் அது வேறு விஷயம், அன்று காலைப் பூசைக்கு இடம் கிடைக்காமல் தெருவில் நின்றவர்களைத்தான் மதியம் கடையில் பார்த்தேன்.

கேள்வி: அங்கே டிவியில் இலவசமாகக் காட்டுவார்களா? (கோவை வாசகர்)

பதில்: நேரலைக்குப் பெரும்பாலும் காசு கட்ட வேண்டும். பாக்கியாவின் பல சண்டைகளை இலவச சேனல்கள் தாமதமாக, விளம்பரத்துக்கு நடுவில் துண்டு துண்டாகக் காட்டின, அதற்குள் முடிவு போனில் வந்துவிடும். எனக்கு இது பொறுக்கவே பொறுக்காது. திருவிழா அன்று செபுவில் வீட்டுக் கதவு திறந்திருக்கும், யார் போனாலும் தட்டு கொடுப்பார்கள், லெச்சோன் என்கிற முழுசாகச் சுட்ட பன்றியில் மொறுமொறு தோலாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் அவர்கள் பிள்ளையின் சண்டையை ஏழைகள் கடைசியாகப் பார்ப்பது அநியாயம். பல ஊர்களில் நகராட்சியே விளையாட்டுக் கூடத்தில் திரை கட்டி இலவசமாகக் காட்டுவதுண்டு, அது எல்லா ஊரிலும் நடக்க வேண்டும். நான் பார்த்த கடைக்காரர் கேபிளுக்குத் தன் கைக்காசைக் கட்டியிருந்தார். சண்டைக்கு எவ்வளவு என்று கேட்டேன். சோற்றுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.