நகரத் திட்டமிடலால் ஒரு பகுதிக்கு 'இது எங்கள் இடம்' என்ற உணர்வைத் தர முடியுமா?

இட உணர்வு என்பது, ஒரு பகுதியை வெறும் முகவரியாகக் கருதாமல், தம்முடையது என்று அங்கு வாழ்வோர் உணர்வதாகும். விடுதி அறையில் எல்லா வசதியும் இருந்தாலும் விளக்கின் சுவிட்சைத் தேட வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் வாழ்ந்த வீட்டிலோ இருட்டிலும் கை தானாக அங்கே போகிறது.

நகரத்திலும் அந்தப் பழக்கம் உருவாக, மனத்தில் பதியும் அடையாளங்களும் ஒருவரையொருவர் அடிக்கடி காணும் வாய்ப்பும் தேவை. அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலீஸ் நகரவாசிகள் சிலரைத் தம் நகரை நினைவிலிருந்தே வரையச் சொல்லி ஆராய்ந்து, பாதை, விளிம்பு (ஆறு, மதில் போன்ற எல்லை), வட்டாரம், சந்திப்பு (பாதைகள் கூடும் இடம்), அடையாளச் சின்னம் ஆகிய 5 கூறுகளைக் கொண்டே மக்கள் நகரை மனத்தில் அமைத்துக்கொள்கிறார்கள் என்று 1960-இல் எழுதினார். எனவே பழைய மரத்தை வெட்டாமல் சாலையைச் சற்று வளைப்பது வழிப்போக்கருக்கு நிழலைத் தருவதோடு, 'மரத்தடியில் நில், வருகிறேன்' என்று சொல்லக்கூடிய ஓர் இடத்தையும் காப்பாற்றுகிறது. மக்கள் ஒருவரையொருவர் காண நடைபாதையும் இருக்கையும் வேண்டும் (வெயிலில் போட்ட இருக்கை எவ்வளவு அழகாக இருந்தாலும் காலியாகவே கிடக்கும்).

அலங்கார வளைவும் சுவரோவியமும் அமைத்துவிட்டால் அடையாளம் வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கு வாழ்வோரைக் கேட்காமல் வைத்தவற்றை அவர்கள் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.