தாழையூத்துச் சுண்ணாம்பு, பொதிகைப் பாறை, உவரி மணல்: உருமாறிய பாறை கேள்வி-பதில்

தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று கல் ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறும் பாறை சுழற்சி பற்றியும், தாழையூத்துக் கல் சூட்டில் மாறியது என்று நான் சொன்னது பற்றியும் வந்த கேள்விகளில், நம்ம திருநெல்வேலி வட்டாரக் கல்லைத் தொட்டுக் கேட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

பாறை உருகி மாறினால்தானே அது உருமாறிய பாறை? மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சந்தேகம் வந்துவிட்டது. (அம்பாசமுத்திரம்)

உருகிவிட்டால் அது மாக்மா என்ற பாறைக் குழம்பு, ஆறி இறுகினால் தீப்பாறைக் கணக்கில் போய்விடும். உருமாற்றம் கல் கல்லாக இருக்கும்போதே நடக்கிற வேலை. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் ஏற ஏற பழைய கனிமங்களால் அப்படியே நிலைத்திருக்க முடியாது, அணுக்கள் மெல்ல இடம் மாறி வேறு கனிமங்களாகச் சேர்கின்றன. கடலடிக் களிமண் இறுகிய பாறையே முதலில் சிலேட்டாகி, அப்புறம் மைக்கா மின்னும் சிஸ்ட் என்ற பாறையாகி, இன்னும் சூடேறினால் கார்னட் என்ற சிவப்புக் கனிமம் உள்ள, வரி வரியான நைஸ் என்ற பாறை ஆகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தண்ணீர் வெளியேறும். 700 டிகிரி பக்கம் போனால் சில பாறைகள் பாதி உருகி, பாதி உருகாமல் நிற்கும், அதற்கு மிக்மடைட் என்று பெயர். பாடப்புத்தகத்தின் மூன்று கட்டங்களில் அது எதிலும் சரியாக உட்காராது.

அண்ணாச்சி, எங்க ஊர்க் குவாரியில் கல் வெள்ளையும் கறுப்புமாக வரி வரியாக இருக்கிறது. அதெல்லாம் படிந்த அடுக்குகள்தானே? (ஆலங்குளம்)

பெரும்பாலும் இல்லை. ஒரு பக்கமிருந்து அழுத்தம் வரும்போது தட்டையான கனிமங்கள் அதற்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும், வைக்கோலை மிதித்தால் தாளெல்லாம் படுத்த வாக்கில் அமர்வதைப் போல. கூடவே வெளிர் கனிமங்களும் கருங்கனிமங்களும் தனித்தனியாகப் பிரிந்து சேரும். தீப்பாறையாகப் பிறந்த கல்லிலும் இப்படி வரி விழும் என்பதால், வரியை மட்டும் பார்த்து இது முன்னே படிவுப் பாறை என்று முடிவு கட்ட வேண்டாம். அச்சன்கோவில் பக்கமிருந்து தென்கிழக்காக வரும் பட்டையில் பாறைகள் உராய்ந்து இழுபட்டு, வரிகள் இன்னும் நெருக்கமாக நீண்டிருக்கும்.

தாழையூத்துக் கல் சூட்டில் மாறியது என்கிறீர்கள். காளவாசலிலும் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிறோமே, அது ஏன் பளிங்கு ஆவதில்லை? (மானூர்)

வந்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இதுதான். காளவாசல் திறந்த இடம். 900 டிகிரியை நெருங்கும்போது கல்லிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து காற்றோடு போய்விடுகிறது, மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு, அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். பூமிக்குள் அதே சூடு இருந்தாலும் மேலே பல கிலோமீட்டர் பாறை அழுத்திக்கொண்டிருப்பதால் வாயுவுக்குத் தப்ப வழியில்லை. சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட் சிதையாமல் அப்படியே இருந்து, அதன் சின்னச் சின்னப் படிகங்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகின்றன. தாழையூத்துக் கல்லை உடைத்துப் பார்த்தால் சர்க்கரைப் படிகம்போல் மினுக்குவது இதனால்தான். 1949-இலிருந்து அங்கே சிமெண்டுக்கு வெட்டியெடுத்தது பெயருக்குத்தான் சுண்ணாம்புக்கல், உண்மையில் உருமாறிய பாறை. முதலில் இருந்த சுண்ணாம்பில் மணல் கலந்திருந்தால் மட்டும் வாயு கொஞ்சம் வெளியேறி வொலாஸ்டோனைட் போன்ற கனிமங்கள் உண்டாகும். ஆக, சூடு மட்டும் போதாது, சுற்றியுள்ள இடம் எதை வெளியே விடுகிறது, எதை உள்ளே பிடித்து வைக்கிறது என்பதும் சேர்ந்துதான் கல்லைத் தீர்மானிக்கிறது.

பூமிக்குள் உண்டான பாறை பொதிகை உச்சியில் எப்படி? மேலே வரும்போது பழையபடி மாறியிருக்க வேண்டாமா? (பாளையங்கோட்டை)

பாபநாசம், குற்றாலம் பக்கத்து மலைகளில் நிறையப் பார்ப்பது சார்னோக்கைட், எண்ணெய் பூசினாற்போல் பச்சையும் பழுப்புமாக மங்கலாக இருக்கும் கல். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் நமக்கு அக்கம்பக்கமாக இருந்தபோது, இந்தப் பகுதிப் பாறைகள் 20 கிலோமீட்டர் ஆழத்தில் 800 டிகிரிக்கு மேல் வெந்தன. மேலே இருந்தது மழையிலும் காற்றிலும் கரைந்து போகப் போக, பாரம் குறைந்து அடியில் இருந்தது எழும்பியது. இன்றைய மலையின் உயரம் வேறு கதை, அது வெகு பிந்தியது.

திரும்ப மாறாததற்குக் காரணம் தண்ணீர் இல்லாமை. பழைய கனிமங்களாகத் திரும்ப அந்தத் தண்ணீர் வேண்டும், அது ஆழத்திலேயே கழன்றுவிட்டது, பாறையும் ஆறிக்கொண்டே வந்ததால் அணுக்கள் நகரும் வேகம் அனேகமாக நின்றுபோனது. விரிசல் வழியாகத் தண்ணீர் புகுந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் மாற்றம் தெரியும்.

வெயிலில் கறுத்த பாறை? (வள்ளியூர்)

அது வெறும் மேற்பூச்சு. உடைத்தால் உள்ளே பழைய கல்தான்.

உவரி கடற்கரைச் சிவப்பு மணலும் இந்தச் சுழற்சிதானா? (திசையன்விளை)

ஆமாம், நல்லா கவனித்திருக்கிறீர்கள். அந்தச் சிவப்பில் பெரும்பங்கு கார்னட், மேற்கே உள்ள உருமாறிய பாறைகளில் வளர்ந்தது. பாறை மக்கியதும் ஆறும் ஓடையும் கடலுக்குக் கொண்டுபோக, அலை இலேசான மணலை அடித்துப்போய் கனமானதை ஒதுக்கிவிடுகிறது. தேரி என்னும் செம்மணல் மேட்டு மணலின் சிவப்பு வேறு, அது மணல்மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. இந்த மணல் ஆழப் புதைந்தால் மணற்பாறையாகும், இன்னும் ஆழம் போனால் மறுபடி உருமாறும், ஆனால் வரிசையாகத்தான் போக வேண்டும் என்றில்லை, பாதியில் மேலே வந்து மறுபடி மணலாவதும் நடக்கும்.

சமையல் மேடைக்கு மார்பிளா கிரானைட்டா? (கடையநல்லூர்)

கிரானைட். கடையில் அந்தப் பெயரில் விற்பதில் பாதி நைஸும் சார்னோக்கைட்டும்தான், பரவாயில்லை, எல்லாமே கெட்டி. மார்பிள் கால்சைட் என்பதால் புளித்தண்ணீரோ எலுமிச்சையோ சிந்தினால் பளபளப்பு போய்விடும், பிறகு மறுபடி பாலிஷ் போட வேண்டியதுதான்.