மெதுவாக ஏறும் பவர் விண்டோ: மோட்டார் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் இருப்பது இருபது வருடத்துக்கு மேல் ஓடிய இரண்டு கதவு பிக்கப். பவர் விண்டோ இரண்டும் வேலை செய்கின்றன, ஆனால் கண்ணாடி முழுதாக ஏறப் பத்து விநாடிக்கு மேல் ஆகிறது. டிரைவருக்கு மறுபக்கம் இருக்கும் கதவு இன்னும் மோசம். கடைசி நாலு விரற்கடைக்குக் கையால் பிடித்து ஏற்றிவிட வேண்டியிருக்கிறது. இரண்டு மோட்டாரையும் மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். மோட்டார் நின்று போயிருந்தால் பேச்சு வேறு. மெதுவாக ஓடுகிறது என்றால், பழைய வண்டிகளில் பெரும்பாலும் காரணம் மோட்டாருக்கு வெளியேதான் இருக்கும். ஒன்று, கண்ணாடி போகும் வழி இறுகியிருக்கும். இல்லையென்றால், மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரம் வழியிலேயே குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. என் பழைய பிக்கப்புக்கு நான் முதலில் மோட்டாரைத்தான் வாங்கினேன். புது மோட்டாரும் அதே ஆமை வேகத்தில்தான் ஓடியது. கழற்றிய பழைய மோட்டாரை பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தபோது நன்றாகச் சுழன்றது. அந்தச் செலவு உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ரப்பரைப் பாருங்கள். கண்ணாடியின் இரண்டு ஓரமும் ஓடுகிற சேனலுக்குள் ரப்பர் பீடிங் இருக்கும். உள்பக்கம் மெல்லிய பஞ்சு போன்ற பூச்சு இருக்கும். வருடக்கணக்கில் வெயிலும் தூசியும் பட்டு அந்தப் பூச்சு தேய்ந்துவிட்டால், வெறும் ரப்பர் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும். ஈரத் துணியால் சேனலைத் துடைத்துக் காய விடுங்கள். பிறகு சிலிக்கான் ஸ்பிரேயை மெல்லிய குழாய் வழியாக மேலிருந்து கீழ் வரை அடித்து, கண்ணாடியை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கையில் கிடைக்கிற எண்ணெயையோ கிரீஸையோ இங்கே போடாதீர்கள். இரண்டு நாள் வழுக்கும், அப்புறம் தூசியைப் பிடித்துப் பசையாகும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சில ரப்பர்கள் உப்பியும் போகும். இந்த ஒரு வேலையிலேயே வேகம் கூடுவதை நிறைய வண்டிகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் பிக்கப்பில் கண்ணாடிக்கு முன்னால் சின்ன முக்கோணக் கண்ணாடி இருந்தால், இரண்டுக்கும் நடுவே நிற்கிற கம்பிச் சேனல் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடிப்பக்க போல்ட் தளர்ந்தால் அது உள்ளே சாயும். கண்ணாடி ஏற ஏற இறுக்கம் கூடும். நீங்கள் சொல்லும் கடைசி நாலு விரற்கடைக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சரி, ரப்பர் ஒழுங்காக இருந்தும் மெதுவாகவே போனால் மல்டிமீட்டரை எடுங்கள். டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றி, மோட்டாரின் கப்ளரை (ஒயர் செருகியிருக்கும் இணைப்பை) பிடுங்காமல் பின்பக்கமாக மீட்டரின் இரண்டு ஊசியையும் நுழைத்து, கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போதே வோல்ட் பாருங்கள். இது முக்கியம். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் மின்னோட்டம் இருக்காது. இத்துப்போன ஒயர்கூட முழு 12 வோல்ட்டைக் காட்டும், நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். மோட்டாரில் அதைவிட ஒரு வோல்ட் குறைந்தால் பழைய வண்டிக்குப் பரவாயில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று குறைந்தால் கோளாறு ஒயரிலும் சுவிட்சிலும்தான். இந்த மோட்டாரின் வேகம் வோல்ட்டை ஒட்டியே போகும். 14 வர வேண்டிய இடத்தில் 10 வந்தால் வேகத்தில் கால் பங்குக்கும் மேல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மறுபக்கக் கதவு ஏன் கூடுதல் மெதுவாக இருக்கிறது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. பழைய வண்டிகளில் மோட்டார் இழுக்கும் முழு மின்சாரமும் சுவிட்சின் உள்ளே இருக்கும் செம்புத் தகடு வழியாகவே போகும். அந்தக் கதவின் கண்ணாடிக்கு அதன் சொந்த சுவிட்ச் ஒன்று, டிரைவர் பக்கத்து சுவிட்ச் ஒன்று என இரண்டையும் தாண்ட வேண்டும். ஒயரும் நீளம். தகடுகள் கருகியிருந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வோல்ட் கரையும். சுவிட்சைப் பிரிக்க முடிந்தால் காண்டாக்ட் கிளீனரும் மெல்லிய உப்புத்தாளும் போதும். பள்ளம் விழுந்திருந்தால் சுவிட்சை மாற்றிவிடுங்கள். கதவுக்கும் வண்டிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகிற ஒயர்களையும் மடக்கிப் பாருங்கள். கதவு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியதில் உள்ளே செம்பு இழைகள் பாதி அறுந்திருக்கும், மேலே தோல் மட்டும் முழுசாக இருக்கும். எர்த் ஒயர் வண்டி உடம்பில் சேரும் இடத்தில் துரு இருந்தால் சுரண்டி, இறுக்கிவிடுங்கள்.

டிசி மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது இருந்தால் வேலை இன்னும் சுலபம். கண்ணாடி மெதுவாகப் போகும்போது ஆம்பியர் அதிகமாகக் காட்டினால் எங்கோ இறுக்கம். மெதுவாகப் போய், ஆம்பியரும் குறைவாக இருந்தால், வழியில் தடை அல்லது மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்வு. இந்தப் பிரஷ் தேய்வு என்று உறுதியான பிறகுதான் மோட்டார் வாங்கும் பேச்சு.

கேள்வி: ஒயர் பழையது என்கிறீர்கள். ரிலே கிட் போட்டால் கண்ணாடி வேகமாக ஏறும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் மேலே சொன்ன சோதனையில் வோல்ட் குறைவு தெரிந்த வண்டிக்கு மட்டும். ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். அதைப் போட்டால் மோட்டாருக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தடிமனான ஒயரில் நேராக வரும். சுவிட்ச், ரிலேயைத் தட்டி எழுப்பும் சின்ன வேலையை மட்டும் செய்யும். அதற்கு ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தேவை, அதனால் பழைய சுவிட்சும் ரொம்ப நாள் தாங்கும். கண்ணாடி இரண்டு திசையிலும் ஓட வேண்டும் என்பதால் ஒரு கதவுக்கு ஐந்து முனை ரிலே இரண்டு வேண்டும், ஆக உங்களுக்கு நான்கு. ஒரே ரிலே உள்ள கிட்டை வாங்கிவிடாதீர்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ், இவை இல்லாத கிட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தால் வண்டி தீப்பிடிக்க வழி செய்கிறோம் என்று அர்த்தம். ரிலேக்களைக் கதவுக்குள் வைக்கச் சொல்லாதீர்கள், மழைத்தண்ணீர் அங்கேதான் இறங்கும். டேஷ்போர்டுக்குக் கீழே உலர்ந்த இடம் நல்லது. ஆனால் அங்கே வைத்தால் கதவுக்குள் போகும் மோட்டார் ஒயரையும் புதிதாக இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அறுந்த இழைகள் வழியாகவே மின்சாரம் போகும். வண்டிக்கு வண்டி சுவிட்ச் ஒயரிங் மாறும், ஆகவே வரைபடம் பார்க்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

இன்னொன்று. பழைய வண்டிக் கண்ணாடிக்குக் கை சிக்கினால் தானாகத் திரும்பும் வசதி பெரும்பாலும் கிடையாது. வேகம் கூட்டிய பிறகு வீட்டுக் குழந்தைகள் வண்டியில் ஏறினால் கவனம் வேண்டும்.

கேள்வி: எல்லாம் பார்த்தாகிவிட்டது, மோட்டார்தான் பழுது. மோட்டார் மட்டும் வாங்குவதா, கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரோடு சேர்த்தா?

பதில்: கத்தரிக்கோல் மாதிரி விரியும் இரும்புக் கை ரெகுலேட்டர் என்றால் மோட்டார் மட்டும் போதும், உருளைகளும் பல்லும் தேயாதிருந்தால். கேபிள் ரெகுலேட்டராக இருந்து கேபிள் பிரிந்திருந்தால் சேர்த்தே வாங்குங்கள். சில பழைய ஃபோர்டு பிக்கப்களில் மோட்டார் சுழலும் சத்தம் மட்டும் வரும், கண்ணாடி நகராது. உள்ளே இருக்கும் மூன்று சின்ன பிளாஸ்டிக் உருளைகள் நொறுங்கியிருக்கும். அவை தனியாகவே விற்கின்றன, மோட்டார் மாற்றத் தேவையில்லை.

வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பல் எண்ணிக்கை, போல்ட் துளை, கப்ளர் மூன்றையும் ஒப்பிடுங்கள். இடது வலது மாறக்கூடாது. மின் பாகங்களை மாட்டிய பிறகு பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை, அதனால் மாட்டுவதற்கு முன்பே பேட்டரியில் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

கத்தரி ரெகுலேட்டரில் வலுவான சுருள் ஸ்பிரிங் இருக்கும். கண்ணாடியைத் தூக்க அதுதான் மோட்டாருக்குக் கைகொடுக்கிறது. பல் சக்கரத்தை ஒரு போல்ட்டால் தகட்டோடு பூட்டாமல் மோட்டாரைக் கழற்றினால் ஸ்பிரிங் ஒரே வீச்சில் விரிந்து விரலை நசுக்கிவிடும். வேலையைக் கொடுக்கும் முன்பே மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுவிடுங்கள். ரிவெட் வைத்த மாடல் என்றால் கூலி கூடுதலாகவும் ஆகும்.