11 குட்டி, 8 காம்பு: பிரவுனியால் வளர்க்க முடியுமா?

கேள்வி: நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். எங்கள் தெரு நாய் பிரவுனி, வீட்டு மாடிப்படிக்குக் கீழே 11 குட்டி போட்டு இன்றோடு நாலு நாள் ஆகிறது. 8 காம்பில்தான் பால் வருகிறது. இரண்டு குட்டிகள் மட்டும் மெலிந்துபோய்க் கத்திக்கொண்டே இருக்கின்றன. பாக்கெட் பாலில் தண்ணீர் கலந்து ஃபீடிங் பாட்டிலில் கொடுக்கலாமா? நாலைந்து குட்டிகளை வேறெங்காவது கொண்டுபோய் விட்டால்தான் மற்றவை பிழைக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து எந்தக் குட்டியையும் எங்கேயும் கொண்டுபோய் விடாதீர்கள். கண் திறக்காத குட்டி தாயைப் பிரிந்தால் ஒரு ராத்திரி தாங்குவதே கஷ்டம். 11 குட்டிகளையும் பிரவுனியால் வளர்க்க முடியும், நீங்கள் கூட நின்றால். உங்கள் உழைப்பில் முக்கால்வாசி அவளுடைய சாப்பாட்டுக்குப் போகட்டும். கையால் பால் ஊட்டும் வேலை மீதிக் கால்வாசிதான், அதுவும் தேவைப்படும் குட்டிக்கு மட்டும்.

முதலில் அந்த இரண்டு குட்டிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரலைக் கழுவி, அதன் நுனியைக் குட்டியின் வாய்க்குள் வையுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து, விரலைப் பிடித்து உறிஞ்சினால் பயமில்லை, பசிதான். வாய் சில்லென்று இருந்தால் அதற்கு இப்போது வேண்டியது பால் இல்லை, சூடு. பிறந்த முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. உடம்பு குளிர்ந்துவிட்டால் குடலும் வேலை செய்யாது. அந்த நிலையில் ஊட்டும் பால் செரிக்காமல் தேங்கும், இல்லையென்றால் நுரையீரலுக்குள் போய்விடும். துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். அவசரப்படாமல், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற வேண்டும். குட்டி அசைந்து, தலையை ஆட்டித் தேட ஆரம்பித்ததும் பிரவுனியின் பின்னங்கால் பக்கத்துக் காம்பில் வையுங்கள். பொதுவாக அங்கேதான் பால் அதிகம்.

சென்னை வெயிலில் குட்டி எப்படிக் குளிரும் என்று தோன்றும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிமென்ட் தரை சூட்டை உறிஞ்சிவிடும். தட்டையான அட்டைப்பெட்டி, அதன்மேல் சாக்கு, அதன்மேல் பழைய பருத்திச் சேலை என்று விரியுங்கள். ஈரமானதும் சேலையை மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஒரு தராசு வேண்டும். சமையலறையில் வைக்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். தெரு நாய்க் குட்டிகளுக்கு நிறமும் புள்ளியும் வேறு வேறாக இருக்கும் என்பதால், போனில் படம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் குழப்பம் வராது. கழுத்தில் நூல் கட்ட வேண்டாம், வளரும்போது இறுக்கிவிடும். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். 300 கிராமில் பிறந்த குட்டி நாளுக்கு 15 முதல் 30 கிராம் ஏற வேண்டும். சுமார் 10 நாளில் பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்கு வர வேண்டும். முதல் நாள் கொஞ்சம் இறங்குவது சகஜம். அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க ஏறாமல் நின்றாலே அந்தக் குட்டிக்கு உங்கள் உதவி தேவை. கத்துகிற குட்டியை எல்லோரும் கவனிப்போம். சத்தமே போடாமல் ஓரத்தில் ஒதுங்கித் தூங்கும் குட்டியைத் தராசுதான் காட்டிக்கொடுக்கும்.

8 காம்புக்கு 11 வாய் என்றால், தண்ணீர் லாரி வந்த தெருவில் நடப்பதுதான் நடக்கும். பலசாலி முதலில் நிரப்பிக்கொள்வான். அதனால் முறை வையுங்கள். பெரிய குட்டிகள் ஆறு ஒரு அணி, சின்னவை ஐந்து ஒரு அணி. பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சின்ன அணி முதலில் வயிறு நிறையக் குடிக்கட்டும். அது வரைக்கும் பெரிய அணி துணி விரித்த அட்டைப்பெட்டியில், பிரவுனியின் கண் பார்வையிலேயே இருக்கட்டும். ராத்திரி படுக்கப்போகுமுன் சின்னவற்றுக்கு ஒரு முறை தனியாக விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம். பல ஈத்துகளுக்கு இந்த ஏற்பாடே போதும், பாட்டிலே தேவைப்படாது.

ஒன்று மறக்காதீர்கள். எவ்வளவு பழகிய நாயாக இருந்தாலும் குட்டி போட்ட தாய் கடிக்கலாம். அவள் நம்பும் ஒருவர் மட்டும் குட்டிகளைத் தொடட்டும், அந்த நேரம் இன்னொருவர் சாப்பாட்டைக் காட்டி அவள் கவனத்தைத் திருப்பட்டும். பல் பட்டுவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபீஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

முறை வைத்தும் எடை ஏறாத குட்டிக்குத்தான் கைப்பால். நீங்கள் கேட்ட தண்ணீர் கலந்த பாக்கெட் பால் வேண்டவே வேண்டாம். நாய்ப்பாலில் பசும்பாலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் புரதமும் கொழுப்பும் உண்டு, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை குறைவு. பசும்பாலிலேயே சத்து போதாது. அதில் தண்ணீரும் சேர்த்தால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், குட்டி மெலிந்துகொண்டே போகும். கழிச்சலும் வரும். நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் மில்க் ரீப்ளேசர் பவுடரை வாங்கி, டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலக்குங்கள். கடை மூடிய நேரத்தில் ஒரு ராத்திரியைச் சமாளிக்க, ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 200 மில்லியைக் காய்ச்சி ஆறவைத்து, இரண்டு முட்டையின் மஞ்சள் கருவை அடித்துக் கலந்து வடிகட்டிக் கொடுக்கலாம். வெள்ளைக் கரு, சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். மறுநாள் பவுடருக்கு மாறிவிடுங்கள்.

ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லிக்கு மேல் போகாதீர்கள். 300 கிராம் குட்டிக்கு 12 மில்லி. பால் மணிக்கட்டில் விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மனிதக் குழந்தைகளின் ஃபீடிங் பாட்டில் ரப்பர் இதன் வாய்க்குப் பெரிது. குட்டிகளுக்கான சின்ன பாட்டில், இல்லையென்றால் ஊசி இல்லாத சிரிஞ்ச். குட்டியைக் குழந்தைபோல மல்லாத்திப் பிடித்துக் கொடுக்கிறோமே, அதில்தான் நிறையக் குட்டிகளுக்குப் புரையேறி நிமோனியா வருகிறது. தாயிடம் குடிக்கும்போது படுத்திருக்கும் மாதிரியே வயிறு கீழே, தலை லேசாக மேலே இருக்கட்டும். சொட்டுச் சொட்டாக, அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். குடித்து முடித்ததும் பிரவுனியிடம் விட்டால் அவளே நக்கி மூத்திரம், மலம் போகவைப்பாள். அவள் நக்காத குட்டிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கம் மெல்லத் தேய்த்துவிடுங்கள், தானாகப் போகாது.

இனி பிரவுனியின் சாப்பாடு. பால் உச்சத்துக்கு வருவது மூன்றாவது, நாலாவது வாரத்தில். அப்போது அவளுக்கு வழக்கமாகச் சாப்பிடுவதைப்போல் மூன்று, நாலு மடங்கு வேண்டும். வெறும் சோறும் ரசமும் போட்டால் தன் தசையைக் கரைத்துத்தான் பால் கொடுப்பாள். நாளுக்கு நாலைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள். கறிக்கடையில் கோழித் தலை, தோல், கொஞ்சம் ஈரல் மலிவாகக் கிடைக்கும். காசிமேடு பக்கத்தில் இருப்பதால் சின்ன மீனுக்கும் பஞ்சமில்லை. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, எலும்பும் முள்ளும் எடுத்துவிட்டு, சோற்றில் பிசைந்து போடுங்கள். அவித்த முட்டையும் நல்லது. கையில் காசு இருந்தால் நாய்க்குட்டிகளுக்கான உலர் தீவனத்தை ஊறவைத்துச் சேருங்கள், கால்சியமும் அதிலேயே வந்துவிடும். நம் ஏரியாவில் மிஞ்சிய பிரியாணி தாராளமாக வரும், அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும். அப்புறம் தண்ணீர். படுத்த இடத்திலேயே எட்டும்படி எப்போதும் ஒரு பாத்திரம் நிறைய இருக்கட்டும்.

தினமும் ஒரு முறை காம்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று கல்லாக இறுகி, சுட்டு, சிவந்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் மடி நோய். டாக்டர் பார்க்கும் வரை அந்தக் காம்பில் குட்டியை விடாதீர்கள். குட்டிகளின் நக நுனி கீறியும் காம்பில் புண் வரும். வாரம் ஒரு முறை நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

நிறையக் குட்டி போட்ட தாயிடம் நான் அதிகம் பயப்படுவது ரத்தத்தில் கால்சியம் இறங்குவதற்குத்தான். முதல் நாலு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நிலைகொள்ளாமல் நடப்பாள், காரணமில்லாமல் மூச்சிரைப்பாள், கால் விறைத்துத் தடுமாறுவாள், உடம்பு நடுங்கும், பிறகு வலிப்பு. இது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும். குட்டிகளைப் பிரித்துவிட்டு, அந்த நிமிடமே ஆட்டோ பிடியுங்கள். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில்லை. மெதுவாக நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டிய கேஸ் இது, வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாலும், பின்பக்கம் நாற்றமடிக்கும் கசிவு வந்தாலும் அதேபோல் கூட்டிப்போங்கள்.

மூன்று வாரம் தாண்டியதும் சுமை குறையும். ரீப்ளேசரில் தீவனத்தைக் கூழாகக் கரைத்துத் தட்டையான தட்டில் வையுங்கள். முதலில் மிதித்து விளையாடும், இரண்டு நாளில் நக்கப் பழகிவிடும். குடற்புழு மருந்து குட்டிகளுக்கு இரண்டாவது வாரத்திலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிரவுனிக்கும் அப்போதே, எடைக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் கேட்டு. முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில். அதுவரை தெருவின் மற்ற நாய்கள் அந்த மாடிப்படிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வோ என்னும் வைரஸ் கழிச்சல் நோய் புகுந்தால் 11 குட்டிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். எட்டு வாரம் முடிந்து குட்டிகளுக்கு வீடு தேடும்போது, பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரவுனிக்குப் பால் வற்றியதும் கருத்தடை செய்ய மாநகராட்சியில் கேளுங்கள். அறுவை சிகிச்சை முடிந்ததும் அவளை அதே தெருவில்தான் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும் என்பது விதி.